அடுப்படி ஜன்னலுக்கு என்ன போடலாம்?

ஜன்னல் மறைப்பு விற்கிறவனிடம் யாரும் ஜன்னலைப் பற்றிப் பேசுவதில்லை. எதிர்வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் பெரியப்பா ஜன்னலைப் பற்றி ஏதோ ஒன்று சொல்வார். "காத்துக்குத் தொறந்தத ஆளுக்காக மூடாதடா" என்பாரா, "ஆளுக்காக மூடினத காத்துக்காகவாவது தொறடா" என்பாரா, இப்போது நினைவில்லை. எது என்று தெரிந்திருந்தால் இந்தத் தொழிலில் எனக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

ஜோகுபாளையத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் என் கடை. மஸ்கட்டில் பல வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே ஜன்னலை மூடுவது வெயிலுக்காக. வயது நாற்பதுகளின் நடுவில் ஊர் திரும்பி சொந்தமாகக் கடை போட்ட பிறகுதான் தெரிந்தது, பெங்களூரில் வெயில் ஒரு பொருட்டே இல்லை, பக்கத்து வீடுதான் பொருட்டு. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பிளைண்ட் தேர்ந்தெடுப்பது சுலபம், கலர் பிடித்தால் போதும். அடுப்படி ஜன்னல் அப்படியில்லை. எண்ணெய்ப் புகை, குழாய்த் தண்ணீர், தாளிப்பு, மாமியார் மருமகள் எல்லாமே அந்த ஒரு ஜன்னலுக்குக் கீழேதான் நடக்கிறது. அதற்கு எதைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். எனக்கும் உண்டு. கடைக்காரனாக இல்லை, வீட்டுக்காரனாக. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டு நிலவரம்

மஸ்கட்டில் நாங்கள் இருந்த ஃபிளாட்டில் அடுப்படிக்கு ஜன்னலே கிடையாது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதன் இறக்கைகளுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கொஞ்சம் வானம். ஊருக்குத் திரும்பலாமா என்று நான் கேட்டபோது என் மனைவி மல்லிகா போட்ட ஒரே நிபந்தனை, ஜன்னல் வைத்த அடுப்படி. ஜோகுபாளையத்தில் அப்படியொரு வீடு கிடைத்தது. முதல் வாரம் முழுக்க அவள் காப்பியை அந்த ஜன்னலோரம் நின்றுதான் குடித்தாள்.

இரண்டாவது வாரம் எதிர் ஜன்னல் திறந்தது. எங்கள் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளிதான். அங்கே கையில் கரண்டியோடு ரங்கப்பா மேஷ்ட்ரு நின்றார். ரிட்டயரான கன்னட வாத்தியார். மனைவி தவறிய பிறகு, தானே சமைத்துச் சாப்பிடுவது என்று தீர்மானித்திருந்தார். தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். பேசினால் பிழை வந்துவிடுமோ என்று பேசமாட்டார். மல்லிகா ஆம்பூர்க்காரி. அவளுக்குத் தெரிந்த கன்னடம் காய்கறிக் கடையோடு முடிந்துவிடும். ஆகவே அவர் கன்னடத்தில் கேட்பார், இவள் தமிழில் சொல்வாள். கடுகு முதலிலா உளுந்து முதலிலா, புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது. ஆரம்பத்தில் அவளுக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நாள் போகப் போகத்தான் கஷ்டம். தலையை முடியாமல், நைட்டியோடு, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு பால் காய்ச்ச வழியில்லை. நிமிர்ந்தால் எதிரே ஒரு மேஷ்ட்ரு. பிளைண்ட் போட்டுவிடுகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். போட்டால் அந்த மனுஷர் என்ன நினைப்பாரோ. அதைவிட, அவள் ஆசைப்பட்டு வாங்கின ஜன்னலை நானே மூடுவதா? நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "ஊரான் வூட்டு ஜன்னலுக்கெல்லாம் ஓடி ஓடி அளவெடுக்கறீங்க. எஞ் ஜன்னல் மட்டும் உங்க கண்ணுல படாதா?"

ரோமன்

விவேக் நகரில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஃபிலோமினா அக்கா வீடு. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டினேன். இது ரோலர், இது ஜீப்ரா, இது ரோமன். அக்கா புத்தகத்தின் மேல் கையை வைத்துவிட்டார். "ரோமனே போடுங்க தம்பி. நாங்க தலமுற தலமுறயா ரோமன்தான்." துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ரோமன் என்றால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் துணி. பார்க்க அழகு. அடுப்படியில் போட்டால் ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய்ப் புகையைக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வறுத்த மீனை வெள்ளிக்கிழமை வரைக்கும் ஞாபகப்படுத்தும். அதைச் சொன்னேன். ரோலர் என்றால் மேலே பூச்சு பூசியிருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், மடிப்பு கிடையாது, பூ கிடையாது, ஒரே வெள்ளை. அக்கா ரோலரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் தீர்ப்பு சொன்னார்: "ஹாலுக்கு ரோமன் போடுங்க. அடுப்படிக்கு எம் மருமக சபையிலேர்ந்தே ஏதாவது போட்டுடுங்க."

சாம்பார்ப் பரீட்சை

கறை போகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகும் என்று நானும் சொல்வேன். ஸ்கூல் டீச்சர் ஒருவர் மட்டும் என் பேச்சை நம்பவில்லை. எல்லா சாம்பிளையும் கிரானைட் மேடையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். அடுப்பிலிருந்த சாம்பாரை ஒரு ஸ்பூனில் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு விட்டார். "உக்காருங்க, காயட்டும்" என்றார். உட்கார்ந்தேன். இட்லி வந்தது, அதே சாம்பாரோடு. சாப்பிட்டு முடித்ததும் டீச்சர் ஈரத்துணியோடு போய் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார். துணியெல்லாம் மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆகிவிட்டது. சாம்பல் நிற அலுமினியப் பட்டை மட்டும் ஒன்றுமே நடக்காதமாதிரி இருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார்: "கிளாஸ்ல இது ஒண்ணுதான் பாஸ். மத்ததெல்லாம் அடுத்த வருஷம் வரட்டும்."

விசில்

வைட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மெண்ட். மெட்ரோவில் போய் இறங்கி, கேட்டில் பெயர் சொல்லி, லிஃப்டில் ஏறி மேலே போனால், அடுப்படி ஜன்னலுக்கு எதிரே வீடும் இல்லை, மரமும் இல்லை, வெறும் வானம். இவர்களுக்கு எதற்குப் பிளைண்ட் என்று யோசித்துக்கொண்டே டேப்பை எடுத்தேன். விஷயம் வேறு. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஹாலை அந்தப் பெண் பிடித்துக்கொண்டதால் கணவர் கார்த்திக்குக் கிடைத்த ஆபீஸ் அடுப்படி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் மீட்டிங்கில் முகம் கறுப்பாகத் தெரிகிறதாம். யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

மங்கலான வெளிச்சம் மட்டும் விடுகிற ரோலர் ஒன்றைக் காட்டினேன். லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பின்னால் நான் அந்தச் சாம்பிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். முகம் வந்துவிட்டது. நிறமும் பிடித்துவிட்டது. அளவு குறித்துக்கொண்டிருக்கும்போது மீட்டிங் ஆரம்பமாகிவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். கார்த்திக் ஆங்கிலத்தில் ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயைத் திறந்தார். அடுப்பில் இருந்த குக்கர் அவரை முந்திக்கொண்டது. மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "அண்ணா, விசிலுக்கு ஏதாவது பிளைண்ட் வெச்சிருக்கீங்களா?"

மிக்ஸி ஓடும்போது

இதற்குள் என் வீட்டில் நிலைமை முற்றிவிட்டது. ஒரு காலை மல்லிகா தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலிலிருந்து மேஷ்ட்ரு ஏதோ சொன்னார். மிக்ஸிச் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது மூன்றே சொல். கிடகி, தெரெ, அம்மா. கிடகி என்றால் ஜன்னல் என்று அவளுக்கே தெரியும். "தெரென்னா என்னங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் இங்கேதான் படித்தவன். தமிழில் ஆரம்பித்து, பிறகு கன்னடத்தையும் பாடமாக எடுத்தவன். இரண்டு பாஷையிலும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. "பாகிலு தெரென்னா கதவைத் திறன்னு அர்த்தம். தெரென்னா திற" என்றேன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் குளிருக்காக ஜன்னலில் ஒரு பக்கத்தைச் சாத்தி வைத்திருந்தாள். "அத வேற தொறக்கணுமா? பாதிதான் தெரியுதுன்னு கொறயாமா?" என்று என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள். கொஞ்சம் மைதா கரைத்தாள். பத்து நிமிஷத்தில் கண்ணாடி முழுவதும் செய்தியும் விளம்பரமும் ஒட்டியாகிவிட்டது. பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியதாயிற்று. மிளகாய் தாளித்தால் புகை வெளியே போகாமல் இருமினாள். காப்பி மறுபடியும் சோபாவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் ஒட்டின பேப்பரைப் பார்த்தபடியே, என்னிடம் இல்லாததுபோல் சொன்னாள்: "மஸ்கட்லயாவது ஃபேன் வழியா கொஞ்சம் வானம் தெரிஞ்சுது."

லூஸ் விட்ட அளவு

எங்கள் சந்து முனையில் தையல் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா, அளவெடுக்க ஆள் வேண்டாம், டேப்பும் கையுமாகவே வாழ்கிறவள் நான் என்று தன் அடுப்படி ஜன்னல் அளவை அவரே போனில் அனுப்பிவிட்டார். அதன்படியே பிளைண்ட் செய்து வாங்கி, மாட்டுவதற்கு அஸ்லம் பாயோடு போனேன். என் கடையில் பிட்டிங் எல்லாம் அஸ்லம் பாய்தான். வேலையைவிட வாய் கொஞ்சம் அதிகம். ஜன்னல் குழிவுக்குள் வைத்துப் பார்த்தால் பிளைண்ட் உள்ளே போகவே மாட்டேன் என்றது. உள்ளே உட்காருகிற பிளைண்டுக்கு அளவை நாலு நூல், அதாவது அரை இன்ச், குறைத்துத்தான் சொல்ல வேண்டும். அக்கா பழக்க தோஷத்தில் பக்கத்துக்கு அரை இன்ச் லூஸ் விட்டிருந்தார். அஸ்லம் பாய் ஏணியில் நின்றபடியே கேட்டார், "க்யா அக்கா, ஜன்னல் நாளைக்குச் சதை போடப்போவுதா?"

அக்கா ஊசியும் கையுமாக நின்றார். பிளைண்டைக் குறைக்கவும் முடியாது, பிரித்துத் தைக்கிற சமாசாரமும் இல்லை. கடைசியில் குழிவுக்கு வெளியே, சுவரின் மேலேயே பிராக்கெட் அடித்து மாட்டினோம். ஜன்னலை முழுவதுமாக மூடிக்கொண்டு நன்றாகவே விழுந்தது, சிங்க்கின் நீளக் குழாயிலும் இடிக்கவில்லை. அக்கா தள்ளி நின்று, ஜாக்கெட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் வெற்றி. "பாத்தியா பாய், டைட்டா குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? லூஸ் எப்பவும் கைகுடுக்கும்."

மேஷ்ட்ரு கடைக்கு வந்தார்

அடுத்த சில நாளில், கடை திறந்து சாம்பிள் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரங்கப்பா மேஷ்ட்ரு படியேறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை. ஜன்னலை மூடியதைக் கேட்க வந்திருக்கிறார், என்ன சொல்லிச் சமாளிப்பது? அவர் தன் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு ஒரு பிளைண்ட் கேட்டார். தடிமனானது, ஒரு பொட்டு வெளிச்சம் வராதது.

ஏன் மேஷ்ட்ரே என்றேன். மைசூரிலிருந்து வந்திருந்த மகள், அவர் எதிர் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டு சமைத்ததைக் கண்டு கடிந்துகொண்டாளாம். அது அடுத்த வீட்டு அடுப்படி அப்பா, அந்தம்மாவுக்குச் சங்கடமாக இருக்காதா என்று. இவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்றைக்குக் காலையே ஜன்னலில் நின்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டாராம். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "அடுகெமனெ கிடகிகெ தெரெ ஹாகிஸ்தீனி, அம்மா."

அடுப்படி ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுகிறேன் அம்மா. நான் துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. கன்னடத்தில் தெரெ என்றால் திற. தெரெ என்றால் திரையும்தான். மற்ற ஆளாக இருந்தால் பரதெ என்றோ கர்ட்டன் என்றோ சொல்லியிருப்பார், எல்லாம் புரிந்திருக்கும். மேஷ்ட்ரு பால்காரரிடம்கூடப் புத்தகக் கன்னடத்தில் பேசுகிறவர். மன்னிப்புக் கேட்ட மனுஷரைத்தான் நாங்கள் பேப்பர் ஒட்டி மூடியிருந்தோம். நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்: "அம்மாவுக்குக் கோபம் போய்விடும், இல்லையா? ரசத்தில் பாதிதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்."

இரண்டு அர்த்தம்

மத்தியானமே வீட்டுக்குப் போய் மல்லிகாவிடம் சொன்னேன். தெரெக்கு இரண்டு அர்த்தம் என்றதும் முதலில் என்னை முறைத்தாள். "ரெண்டு பாஷ படிச்சவருன்னு உங்களக் கேட்டேன் பாருங்க" என்றாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, இருமலும் கூடவே வந்தது. தோசைக்கரண்டியை எடுத்துக் கண்ணாடியிலிருந்து பேப்பரைச் சுரண்ட ஆரம்பித்தாள். அப்போதுதான், இத்தனை மாதத்தில் முதல் முறையாக, எந்த வாடிக்கையாளரிடமும் முதலில் கேட்கிற கேள்வியை அவளிடம் கேட்டேன். உனக்கு என்னதான் வேண்டும்? சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள், "எனக்கு ஜன்னலும் வேணும். மேஷ்ட்ருவும் இருக்கட்டும், பாவம். ஆனா நாங் கூப்புட்டா இருக்கட்டும்."

மேஷ்ட்ரு ஜன்னலுக்குப் பிளைண்ட் போட்டால் அவருடைய அடுப்படிதான் இருட்டாகும். திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இருக்கும். இவள் ஜன்னலில் எப்போது ஆள் தெரிய வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார், எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும். சாயங்காலம் முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்தேன். மல்லிகா அதற்குள் என்னிடம் ஒரு கன்னட வாக்கியம் கேட்டு வாங்கி, பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, தலையை முடிந்து, துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, சுத்தமான கண்ணாடியை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு எதிர் ஜன்னலைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "மேஷ்ட்ரே, தெரெ தெரெதித்தீனி!" திரையைத் திறந்துவிட்டேன் என்று. எதிரே ஒரு மூடி கீழே விழுந்த சத்தம். பிறகு மேஷ்ட்ரு கரண்டியோடு வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்களுக்குத் தெரிந்து முதல் முறையாகத் தமிழில் பேசினார்: "வாக்கியம் சரி, அம்மா. ரசத்துக்குப் பருப்புத் தண்ணி எப்பொ விடணும்?"

மேஷ்ட்ருவின் ஆர்டரை நான் எடுக்கவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வெள்ளை அலுமினியப் பட்டை பிளைண்ட் ஒன்றை மாட்டி, பட்டைகளைத் திறந்து மூடும் கயிற்றை மல்லிகாவின் வலது கைப் பக்கம் விட்டேன்.